ஐந்தாவது வீட்டுப் பசு

தமயந்திக்குப் பொய் சொல்ல வராது என்று அவள் புருஷன் பாலசுப்ரமணியன் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். பாவம், நல்ல மனிதர். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த அதே மூன்று வருஷமும் அவள் ஒரே பொய்யைத் தண்ணீர் ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாதவர் போலப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பொய் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே மகள் தர்ஷினி ஹங்கேரியில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள் என்பதுதான். ஹங்கேரி உண்மை. படிப்பும் உண்மை, அதுவும் தலை நிமிர நேரமில்லாத படிப்பு. ஆனால் அவள் படித்தது கால்நடை மருத்துவம்.

அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே அது ஒன்றுதான் ஆசை. பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் அப்பாவுக்கு வேலை மாறி, வேலூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிவந்தார்கள். அங்கேதான் சிக்கல். சீட் கேட்கப் போனால் தமிழ்நாட்டில் அவள் கர்நாடகக்காரி, கர்நாடகத்தில் தமிழ்நாட்டுக்காரி. இரண்டு பக்கமும் கையை விரித்த பிறகு, யார் யாரிடமோ விசாரித்து, ஆன்லைனில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் நடக்கும் ஐந்தரை வருஷப் படிப்பில் அவளே இடம் பிடித்தாள். நார்வே, அயர்லாந்து, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். "ஒரு எலும்பக் கையில குடுத்து, எந்த மிருகம், எடது காலா வலது காலான்னு கேப்பாங்கம்மா. முழிச்சா அடுத்த வாரம் திரும்ப வரணும்" என்று போனில் சொல்வாள். கேட்கத் தமயந்திக்குப் பெருமையாகத்தான் இருக்கும். அந்தப் பெருமையை வெளியே எடுத்துக் காட்டத்தான் வழியில்லை.

காரணம் அம்புஜம். பாலசுப்ரமணியனின் அக்கா, வேலூரில் இருக்கிறாள். அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. தன் மகள் லாவண்யாவுக்கு வந்த நல்ல வரன் ஒன்றை, மாப்பிள்ளை கால்நடை மருத்துவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிக் கழித்தவள். "மாட்டுக்கு ஊசி போடறவனா? கைய எங்கெங்க விடுவான்னு தெரியுமா உங்களுக்கு? அந்தக் கையாலதான என் பொண்ணுக்குத் தாலி கட்டுவான்?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டு, அந்த வரிசை முழுவதையும் சிரிக்க வைத்தாள். சிரித்தவர்களில் தமயந்தியும் உண்டு.

தர்ஷினி விமானம் ஏறிய மறுநாள் அம்புஜம் போன் செய்தாள். "டாக்டருக்குன்னு பாலு சொன்னான். எம்.பி.பி.எஸ்.தான?" என்று கேட்டாள். தமயந்தியின் காதில் அந்தப் பந்திச் சிரிப்புதான் கேட்டது. "ஆமா அண்ணி" என்று வாய் சொல்லிவிட்டது. சரி, நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை விடிவதற்குள் அம்புஜம் வேலூர் பூராவும் சொல்லி முடித்திருந்தாள்.

பொய்யைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதை மூன்று வருஷம் காப்பாற்றுவது இருக்கிறதே, அதுதான் பாடு. குடும்ப வாட்ஸப் குழுவில் அம்புஜம் படம் கேட்டுக்கொண்டே இருப்பாள். தர்ஷினி அனுப்பும் படங்களிலோ எங்கே பார்த்தாலும் ஒரு வாயில்லா ஜீவன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கன்றுக்குட்டியோடு நிற்பாள், குதிரையோடு நிற்பாள், தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு ஒரு பெரிய பசுவின் பின்னால் நிற்பாள். தமயந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, விரலால் ஓரத்தை இழுத்து இழுத்துக் கன்றை வெட்டுவாள், குதிரையை வெட்டுவாள், மகளை மட்டும் மிச்சம் வைத்துக் குழுவில் போடுவாள். ஒருமுறை ஒரு வால் நுனி தப்பிவிட்டது. "ஓரத்துல என்னமோ தொங்குதே, என்னது?" என்றாள் அம்புஜம். "ஸ்கிரீன் கயிறு அண்ணி" என்றாள் தமயந்தி. "வெளிநாட்டு ஆஸ்பத்திரின்னா சும்மாவா, கயிறு கூட குஞ்சம் வெச்சு இருக்கு" என்று அம்புஜம் அதையும் மெச்சிக்கொண்டாள்.

கடைசி ஒரு வருஷமாக இந்த வெட்டு வேலை நின்றுபோயிருந்தது. வந்த படங்களில் மகளும் வெள்ளைக் கோட்டும், பின்னால் ஒரு சுவரோ பனி படிந்த ஜன்னலோதான் இருந்தன. படிப்பு மேலே போகப் போக மாடு குறையும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தமயந்தி அவற்றை வந்த வாக்கிலேயே குழுவுக்குத் தள்ளிவிட்டாள்.

இந்த ஆகஸ்டில், இரண்டு வருஷம் கழித்து, தர்ஷினி லீவுக்கு வந்தாள். அதே நேரம் பார்த்து அம்புஜத்தின் மகன் ரகு எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே ஃப்ளாட் வாங்கி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்துவிட்டான். தமயந்தி மூன்று வருஷமாகப் போன் வழியே காப்பாற்றிய பொய், இப்போது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அத்தனை சொந்தத்துக்கும் நடுவே போய் நிற்கப் போகிறது.

"உனக்குத் தூக்கமே சரியா வரலியே, நீ வீட்லயே இரேன்" என்று மகளிடம் சொல்லிப் பார்த்தாள்.

"வந்து பத்து நாளாச்சும்மா. நல்லாத்தான் தூங்கறேன்."

"அங்க ஒரே கூட்டமா இருக்கும்டி."

"கூட்டத்தப் பாத்தே ரெண்டு வருஷமாச்சு. நான் வரேன்" என்றாள் தர்ஷினி. அம்மாவின் கடுகு நிறப் பட்டுப்புடவையை அவளே எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ரகுவின் ஃப்ளாட் மூன்றாவது மாடி. ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. பத்து நிமிஷம் கூட ஆகவில்லை, அம்புஜம் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, இதக் கொஞ்சம் பாரு கண்ணு. சுகர் ஏறியிருக்குன்னு லேப்ல சொல்றான். மாத்திரைய மாத்தணுமா?"

தமயந்தி கையிலிருந்த குங்குமச் சிமிழைக் கீழே வைத்தாள். முடிந்தது கதை என்று நினைத்தாள். தர்ஷினி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "மனுஷங்களுக்கு டாக்டரா, யாரு, நானா?" என்று கேட்கப் போகிறாள் என்று தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளோ சாதாரணமாக, "நான் இன்னும் படிச்சே முடிக்கல அத்தை. உங்கள எப்பவும் பாக்கற டாக்டர்கிட்ட கேக்காம எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அம்புஜத்துக்குத் திருப்தி. "எவ்ளோ பொறுப்பா பேசறா பாரு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள். தமயந்திக்கு உயிர் வந்தது. உயிர் வந்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. இந்தப் பெண் ஏன் திடுக்கிடவே இல்லை? மகளின் முகத்தைப் பார்த்தாள். தர்ஷினி ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய பசு பத்தேகாலுக்குத்தான் வந்தது. அந்தக் குடியிருப்பில் அசல் பசுவுக்கு மேலே வர அனுமதி இல்லை. முன்பொரு கிரகப்பிரவேசத்தில் ஒரு மாடு லிஃப்டுக்குள் மிரண்டு செய்துவைத்த காரியத்தைக் கழுவ இரண்டு நாள் ஆனதாம். அன்றிலிருந்து பசு கீழ்வாசலோடு சரி, லிஃப்டில் வெள்ளிப் பசுதான் போகும் என்று மேனேஜர் டெரிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஐயர், ரகு, அவன் மனைவி, பாலசுப்ரமணியன், முப்பது சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் கீழே இறங்கினார்கள்.

பசுவைக் கூட்டி வந்தவர் ஆதிகேசவன், ஆனேக்கல்காரர், பேச்சில் கன்னடம் கலந்து வரும். சின்ன டெம்போவில் மாட்டையும் கன்றையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவது அவர் தொழில். பசுவின் பெயர் கங்கா. கொம்புக்கு மஞ்சள், நெற்றிக்குக் குங்குமம், கழுத்தில் நாலைந்து வீட்டு மாலைகள். பெண்கள் தட்டை நீட்டினார்கள். ஊறவைத்த அரிசியும் வெல்லமும் ஒரு தட்டில், சர்க்கரைப் பொங்கல் ஒரு தட்டில், வாழைப்பழம் சீப்புச் சீப்பாக. கங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது. "சாப்டாம போகக் கூடாது, வீட்டுக்கு ஆகாது" என்று அம்புஜம் ஒரு பழத்தை அதன் வாயில் திணிக்கப் போனாள்.

"அத்தை, குடுக்காதீங்க."

தர்ஷினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பசுவின் இடது பக்கம் நின்றாள். இடுப்பு எலும்புக்கு முன்னால் பள்ளமாக இருக்கவேண்டிய இடம் மேடு தட்டியிருந்தது. அதை விரலால் சுண்டினாள். தமயந்திக்கே அந்தச் சத்தம் கேட்டது, தவில் மாதிரி. பசு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டது.

"இன்னிக்கி இது எத்தனாவது வீடுங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சாவது மனெம்மா" என்றார் ஆதிகேசவன். "ஆடி பூரா ஒரு வேலையும் இல்ல. மொத முகூர்த்தம், எல்லாரும் கூப்புட்டாங்க. விடிகாலம் நாலரைக்கி ஆரம்பிச்சது."

"முன்னாடி நாலு வீட்லயும் அரிசி, பொங்கலா?"

"குடுக்கறவங்கள நா எப்டிம்மா பேடான்னு சொல்றது? புண்ணியம்னு குடுக்கறாங்க."

அதற்குள் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த பசு வாசலிலேயே விழுந்தால் என்ன ஆவது? அம்புஜத்தின் முகம் வெளிறிப்போனது. "இங்க ஒண்ணும் ஆகக் கூடாது. வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போயிடுங்க, சீக்கிரம்" என்றாள். ஆதிகேசவனும் பயந்துபோய்க் கயிற்றை டெம்போ பக்கம் இழுத்தார்.

"வண்டில ஏத்தாதீங்க. வயித்துல காத்து அடைச்சிருக்கு, உள்ள படுத்துடுச்சுன்னா போற வழியிலயே மூச்சு முட்டிப் போயிடும்" என்றாள் தர்ஷினி.

"நீ சும்மா இரு கண்ணு" என்றாள் அம்புஜம். "நீ மனுஷங்களுக்குப் படிக்கிற டாக்டர். மாட்டப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

ஆதிகேசவன் தர்ஷினியைப் பார்த்தார். பட்டுப்புடவை, காதில் ஜிமிக்கி, இருபத்தோரு வயசு. யார் பேச்சைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கயிறு கையிலேயே நின்றது. "இவ போனா நானும் போனேம்மா. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க" என்றார்.

தர்ஷினி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல் கூட இல்லை. நீ சொன்னால் சொல்லு, சொல்லாவிட்டால் நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பதுதான் இருந்தது. தமயந்திக்கு அது புரிந்தது. மூன்று வருஷமாக எந்தச் சிரிப்புக்குப் பயந்தாளோ, அதைச் சிரிக்கக்கூடிய முப்பது பேரும் சுற்றி நின்றார்கள். பசு ஒருமுறை முனகியது.

"அண்ணி" என்றாள் தமயந்தி. "அவ எம்.பி.பி.எஸ். படிக்கல. மாட்டு டாக்டருக்குத்தான் படிக்கிறா. மூணு வருஷமா நான்தான் பொய் சொல்லிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கக் கூட அவர்களுக்கு நேரம் கொடுக்காமல், அவள் ஆதிகேசவன் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷம் முடிச்சிட்டா. அவ சொல்றபடி செய்யுங்க. வண்டில ஏத்தாதீங்க."

அதற்குப் பிறகு தர்ஷினி யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆதிகேசவனின் போனிலேயே ஆனேக்கல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டாள். அவர் வேறு ஊரில் ஒரு பிரசவத்தில் இருந்தார், வந்து சேர ஒரு மணி நேரமாகும். பார்த்ததையெல்லாம் அவள் வரிசையாகச் சொன்னாள். எண்ணெய் கொடுக்கலாமா, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டாள். "பாத்து நிதானமா குடும்மா, நான் கிளம்பறேன்" என்று ஸ்பீக்கரில் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"பேஸ்மென்ட் சரிவுல நிறுத்தணும். முன்னங்கால் மேல் பக்கம் இருக்கணும்" என்றாள். டெரிக் ஓடிப்போய் பார்க்கிங் கதவைத் திறந்துவிட்டு, மேலே ஏறவிருந்த இரண்டு கார்களைத் தடுத்து நிறுத்தினார். "அம்மா, சமையல்காரங்க கிட்ட கடலை எண்ணெய், ஒரு காலி பாட்டில்."

லிஃப்ட் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. தமயந்தி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று மாடியும் படியேறினாள். முழங்கால் வலி என்று மாடிப்படியையே மறந்திருந்த பெண்மணி. எண்ணெயோடு இறங்கி வந்தபோது, தோரணத்துக்கு வெட்டிய மாங்கொம்பு ஒன்றைத் தர்ஷினி பசுவின் வாயில் குறுக்கே வைத்துக் கயிற்றால் கொம்போடு கட்டியிருந்தாள். பசு அதை மென்று மென்று எச்சில் ஒழுக்கியது.

"தலைய ரொம்பத் தூக்காதீங்க, நெஞ்சுக்குள்ள போயிடும். அம்மா, நீ இந்தப் பக்கம் கயித்தப் பிடி" என்றாள். கடைவாய் ஓரத்தில் பாட்டிலை வைத்து, கொஞ்சம் விட்டாள், நிறுத்தினாள், பசு விழுங்கியதும் மறுபடி கொஞ்சம். அவசரமே இல்லை அவளிடம். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்க நாலு தடவை சொல்லவேண்டிய பெண் இவள்தானா என்று தமயந்திக்கு வியப்பாக இருந்தது. பிறகு தர்ஷினி முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு, இரண்டு முஷ்டியாலும் பசுவின் இடது விலாவுக்குப் பின்னால் பிசைய ஆரம்பித்தாள். கடுகு நிறப் பட்டில் எண்ணெயும் எச்சிலும் சாணமும் ஏறின.

கால் மணி நேரம் போனது. இருபது நிமிஷம். கங்கா கழுத்தை நீட்டியது. அடிவயிற்றிலிருந்து நீளமாக ஓர் ஏப்பம் கிளம்பி, புளித்த சோறும் வெல்லமும் வாழைப்பழமுமாக, கயிற்றைப் பிடித்திருந்த தமயந்தியின் முகத்தில் அப்படியே இறங்கியது.

"இதுக்குத்தாம்மா காத்திட்டிருந்தோம்" என்று தர்ஷினி சிரித்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. விலாவின் மேடு கண்ணுக்குத் தெரிய இறங்கியது. ஆதிகேசவன் சரிவிலேயே குந்தி உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மருத்துவர் வந்து, குழாய் விட்டு மீதிக் காற்றை எடுத்து, மருந்து கொடுத்தார். இரண்டு நாளைக்கு வைக்கோல் தவிர எதையும் கண்ணில் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம் வரை மாடு சரிவிலேயே நிற்கட்டும் என்றார் டெரிக்.

கூட்டம் மேலே போய்விட்டது. அம்புஜம் மட்டும் கடைசியாக நின்றாள். "மூணு வருஷம் என்னை முட்டாளாக்கிட்டியே தமயந்தி. வேலூர்ல நான் என்னன்னு சொல்லுவேன்?"

"தமயந்தி பொய் சொன்னான்னு சொல்லுங்க அண்ணி. அது உண்மைதான?"

அம்புஜம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லிஃப்ட் வரை போனாள். கதவு மூடப்போகிற நேரத்தில், "அவள நல்லா சோப்பு போட்டு கையக் கழுவிட்டு சாப்பிட வரச் சொல்லு. எலை போட்டு வெக்கறேன்" என்றாள்.

அம்மாவும் மகளும் சரிவின் ஓரத்துத் திட்டில் உட்கார்ந்தார்கள். தமயந்திக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. "அத்தை ரிப்போர்ட்டக் காட்டினப்போ நீ ஏன்டி திடுக்கிடவே இல்ல?" என்றாள் கடைசியில்.

"எனக்கு ரெண்டாவது வருஷமே தெரியும்மா. அத்தை என் போட்டோவ ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தாங்க, வருங்கால எம்.பி.பி.எஸ். டாக்டர்னு. படத்துல நான் மட்டும் இருந்தேன். கன்னுக்குட்டியக் காணோம்." தர்ஷினி கையிலிருந்த எண்ணெயைப் புடவையிலேயே துடைத்தாள். "அது நான் இழுத்து வெளிய எடுத்த மொதக் கன்னு."

தமயந்தி அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தாள். கன்றின் காதை வெட்டுவதற்காக மகளின் தோளில் பாதியையும் சேர்த்து வெட்டியது ஞாபகம் வந்தது.

"கேட்டிருக்கலாமே என்னை."

"கேட்டா நீ அழுவே. நீ தனியா உக்காந்து ஒவ்வொண்ணா வெட்டிட்டு இருப்பேன்னு நெனச்சாலே கஷ்டமா இருந்துச்சு. அதான் அப்புறம் மாடு இல்லாத எடமாப் பாத்து எடுத்து அனுப்பினேன். தொழுவத்துல வேலைய முடிச்சிட்டு, கோட்ட மாத்திட்டு, ஜன்னல் பக்கம் போயி."

தமயந்தி அழுதாள். தான் வெட்டுவதை நிறுத்திய நாளிலிருந்து தன் பெண் வெட்ட ஆரம்பித்திருக்கிறாள், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், பனியில், ஒருத்தியாக. வெட்கமாக இருந்தது, அவளுடைய படிப்பை நினைத்து அல்ல. மகள் எண்ணெய்க் கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பட்டும் பாழாகிவிட்டதால் யாரும் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தமயந்தி எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைக் கங்காவின் பக்கத்தில் நிற்க வைத்தாள். தானும் மறுபக்கம் போய் நின்று, போனை ஆதிகேசவனிடம் நீட்டினாள். "ஒரு போட்டோ எடுங்க. குரூப்புல போடணும்."

அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் வரீங்கம்மா. கொம்பும் வருது. பின்னாடிதான் வெட்டுப்படுது."

"வெட்டுப்படக் கூடாது. வால் வரைக்கும் வரணும்" என்றாள் தமயந்தி.

ஆதிகேசவன் சரிவில் நாலடி பின்னால் போனார்.